கல்லுப்பு ஒத்தடம்

மாசி பிறந்துவிட்டால் சேவுகம்பட்டிப் பக்கம் மல்லி வரத்து கூடத் தொடங்கும். வெயில் ஏறினால் அரும்பு வாயைத் திறந்துவிடும். திறந்த பூவை நிலக்கோட்டை மார்க்கெட்டில் ஏறிட்டும் பார்க்கமாட்டார்கள். அதனால் கை தெரிகிற வெளிச்சம் வந்ததுமே ஆட்கள் செடிக்குள் இறங்கிவிடுவார்கள். பாக்கியராஜ் தோட்டத்தில் அவரும் மனைவி அமலராணியும் கூலிக்கு வரும் பெண்கள் சிலரும் பூ எடுப்பார்கள். இடுப்பு முதுகெலும்பில் வட்டு ஆபரேஷன் ஆனதிலிருந்து அமலராணி குனிவதில்லை. நின்றவாக்கில் எட்டுகிற மேல்கொப்புகளை மட்டும் எடுப்பாள்.

அன்றைக்குச் சொட்டுநீர்க் குழாய் ஒன்று தெறித்து வரப்பு முழுக்க நனைந்து கிடந்தது. மடியில் அரும்போடு திரும்பியவள் அதில் வழுக்கி விழுந்தாள். வலது முட்டி கல்லில் மோதியது. தோட்டத்தின் மறுகோடியிலிருந்து பாக்கியராஜ் ஓடி வந்து தூக்கினார். அக்குளுக்கும் தொடைக்கும் அடியில் கைகொடுத்துத் தூக்கியதும் அவள் அலறினாள்.

அவர் அப்படியே நின்றுவிட்டார். அவள் காதருகே குனிந்து கேட்டார். "முட்டியா, என் கையா?"

"முட்டிதான்... முட்டிதாங்க. தூக்குங்க."

பூ எடுக்க வந்த பெண்களுக்கு இது என்ன கேள்வி என்று விளங்கவில்லை. முட்டி உடைந்து தொங்குகிறது, இவர் என் கையா என்கிறாரே. அவருக்கு விளங்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அந்த வட்டு ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகத்தான் சொன்னார்கள். வலிக்கு ஊசி போட்டார்கள். அவள் முனகும்போதெல்லாம் பாக்கியராஜ் நர்சுகளிடம் போய்க் கெஞ்சினார். இன்னொரு ஊசி போட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது தோலில் ஒட்டிக்கொள்ளும் பேட்ச் கொடுத்தார்கள், வலி தாங்க முடியாதவர்களுக்கென்று. வீட்டுக்கு வந்தபின் வலி குறையவேண்டியதற்குப் பதிலாகப் பரவியது. முதலில் முதுகு, பிறகு தோள், பிறகு கை. சேலைக் கொசுவம் பட்டால் எரிகிறது என்றாள். ஃபேன் காற்றுக்குக் கத்தினாள். அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்ததற்குச் சுவரோரம் சுருண்டுகொண்டாள். அங்கே இங்கே அலைந்து அந்தப் பேட்சின் அளவைக் கூட்டி எழுதி வாங்கி வந்தார். அவள் கத்தல் கூடியது.

ஊர் சும்மா இருக்குமா. "புருசன் கிட்டப் போனாலே கத்துறாளாம்ல" என்று தண்ணீர்க் குழாயடியில் பேசினார்கள். மாதா சபைப் பெண்கள் வந்து ஜெபமாலை சொல்லிவிட்டு, போகிற போக்கில் பாக்கியராஜை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு வேறொரு டாக்டர் பேட்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். ஒரு மழைக்காலம் முழுக்க வேர்த்து, நடுங்கி, தூங்காமல் கிடந்து அவள் எழுந்தாள். தோல் மெல்ல மெல்ல அடங்கியது.

அடங்கியதென்று அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கட்டில் இரண்டாகப் பிரிந்தது பிரிந்தபடியே இருந்தது. சோற்றுத் தட்டைத் தரையில் வைத்து நகர்த்துவாள். அவர் எடுத்துக்கொள்வார். பைக்கில் போகும்போது நடுவில் பூச்சாக்கை வைத்துக்கொள்வாள். மகள் ஐரின் திருப்பூரில் டீச்சராக இருக்கிறாள். அவள் வந்தால் மட்டும் அம்மாவைக் கட்டிப்பிடிப்பாள். பார்த்துப் பிடி, மெதுவா என்று பாக்கியராஜ் பதறுவார். மகள் போனபிறகு அவள் கைபட்ட தோளையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் கேட்டுவிடலாம் என்றுதான் இருந்தார். அதற்குள் வரப்பு வழுக்கிவிட்டது.

திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அமலராணியின் தம்பி ரொனால்டு தன் ஆம்னி வேனில் கொண்டுபோய்ச் சேர்த்தான். முட்டிச்சில்லு இரண்டாகப் பிளந்திருந்தது. கம்பி போட்டு இழுத்துக் கட்டவேண்டும் என்றார்கள். மயக்க மருந்து டாக்டர் வந்து பார்ப்பார் என்றார்கள். வந்தவர் சின்ன வயதுக்காரி. பேகம்பூர் பக்கத்துப் பெண், டாக்டர் ஃபர்ஹீன். நாற்காலியை இழுத்துப்போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"பழைய ஆபரேஷனுக்கப்புறம் எப்படிம்மா இருந்துச்சு?"

"அதுக்குத்தான் டாக்டர் வேணாங்குறேன்" என்றாள் அமலராணி. "முட்டி கோணிக்கிட்டே கெடக்கட்டும். நொண்டிக்கிட்டே பூ எடுத்துக்கிறேன். எனக்கு மறுபடி அந்த ஒடம்பு வேணாம்."

"எந்த ஒடம்பு?"

"சேலை பட்டா எரியும். தண்ணி ஊத்துனா கொள்ளியச் சொருவுன மாதிரி இருக்கும். அறுத்தது இடுப்புல. வலிச்சது காது மடல்ல. சொன்னா யாரு நம்புவா?"

"நான் நம்புறேன்" என்றார் டாக்டர்.

அமலராணி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கக்காவுக்கு என்னமோ புடிச்சிருச்சுன்னு ஊர்ல மந்திரிக்கக்கூடச் சொன்னாய்ங்க டாக்டர்" என்றான் ரொனால்டு.

"நீதான்டா சொன்ன" என்றாள் அமலராணி.

டாக்டர் சிரித்துவிட்டுச் சொன்னார். "வலி மருந்துல ஒரு வகை இருக்கு. ரொம்ப நல்ல மருந்துதான், பல பேருக்கு அது வேணும். ஆனா அளவு கூடிப் போனா, இல்ல ரொம்ப நாள் போனா, சில பேருக்கு நரம்பெல்லாம் கூர்மையாயிரும். திருவிழாவுல மைக்செட்டுக்காரன் சவுண்டை ஏத்திவிட்டா, எவனோ இருமுறதுகூட இடி மாதிரி கேக்கும்ல, அப்படி. வலி கூடுதேன்னு மருந்தக் கூட்டுவாங்க. மருந்து கூடக்கூட வலியும் கூடும். அந்தப் பேட்ச்சை எங்க ஒட்டுனீங்க?"

"இடுப்புலதான்" என்றார் பாக்கியராஜ். "எங்க வலிக்குதோ அங்கதான டாக்டர் பிளாஸ்திரி போடணும்?"

"அது பிளாஸ்திரி இல்லங்கய்யா. எங்க ஒட்டுனாலும் ரத்தத்துலதான் கலக்கும். சரி, அதுக்கு மேல வேற ஏதாச்சும் தடவுனீங்களா, வச்சீங்களா?"

"தடவல. ஒத்தடம் குடுத்தேன்."

"எதுல?"

"கல்லுப்புல. சட்டியில நல்லா வறுத்து, துணியில முடிஞ்சு. தெனம் சாயங்காலம். ஒரு நா தவறுனதில்ல டாக்டர். எங்கப்பாவுக்கு வாதம் வந்தப்ப நான்தான் குடுப்பேன், எனக்குக் கைப்பக்குவம் உண்டு."

டாக்டர் நிதானமாகச் சொன்னார். "அதுமேல சூடு படக்கூடாதுங்கய்யா. சூடு பட்டா ஒரு நாளைக்குக் கொஞ்சங் கொஞ்சமா எறங்கவேண்டியது சீக்கிரமே எறங்கிரும். அதனாலதான் இப்படி ஆச்சுன்னு நான் அடிச்சுச் சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரியில போட்ட ஊசியும் இருக்கு, அளவு கூட்டுனதும் இருக்கு. ஆனா இதுவும் சேந்திருக்கும். மூச்சுக்கு ஒண்ணும் ஆகாம இருந்ததே பெரிசு. இத உங்களுக்கு யாராச்சும் எடுத்துச் சொல்லியிருக்கணும்."

பாக்கியராஜ் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தார். முடிச்சைக் கன்னத்தில் வைத்துச் சூடு பதம் பார்த்துவிட்டுத்தான் அவள் இடுப்பில் வைப்பார். அவள் அந்தச் செத்தநேரம் கண்ணைச் சொருகிக் கிடப்பாள். சுகமாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொள்வார்.

"எம்புட்டுப் பாசம்!" என்றாள் அமலராணி. "ஒரு மூட்ட உப்பு தீந்துச்சு டாக்டர்." குரலில் கோபம் இல்லை. அதனாலேயே அவரால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றார். வெளியே பஸ்கள் வத்தலக்குண்டுக்கும் பழனிக்கும் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

டாக்டர் அமலராணியிடம் தன் திட்டத்தைச் சொன்னார். தொடையில் நரம்புக்குப் பக்கத்தில் மெல்லிய குழாய் ஒன்று வைத்து, முட்டியை மட்டும் மரக்கச் செய்யும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவது. பாராசிட்டமால், ஐஸ். நரம்பு கூர்மையாகாமல் தடுக்க இன்னொரு மருந்து, மிகச் சின்ன அளவில். பழைய வகை ஊசி முடிந்தவரை இல்லாமல், வேண்டியிருந்தால் கொஞ்சமாக, அவரே பக்கத்தில் நின்று.

"நீங்க செய்யவேண்டியது ஒண்ணுதான்மா. வலிச்சா மறைக்காமச் சொல்லணும். பத்துக்கு எத்தனைன்னு சிஸ்டர் கேப்பாங்க."

"அது என்னா டாக்டர், பூவா, நிறுத்துச் சொல்ல?"

"குத்துமதிப்பாச் சொல்லுங்க போதும்."

டாக்டர் போனதும் அமலராணி புருஷனைக் கூப்பிட்டாள். "இங்க வாங்க. ஆபரேஷனுக்குச் சம்மதிக்கிறேன். நீங்க ஒரு சத்தியம் பண்ணணும். நான் கத்துனாலும் சரி, உருண்டாலும் சரி, எனக்கு ஊசி போடுங்கன்னு நீங்க யாருகிட்டயும் போயி நிக்கக்கூடாது."

"டாக்டரம்மா அப்படிச் சொல்லலியே..."

"அவுக சொன்னது இருக்கட்டும். அன்னைக்கு நீங்க கெஞ்சிக் கெஞ்சித்தான் போட்டாக. கையில அடிச்சுச் சொல்லுங்க."

கையை விரித்து நீட்டினாள். பூப்பறித்துப் பறித்து விரல்நுனி கறுத்த கை. பாக்கியராஜ் அதன்மேல் தன் கையைக் கொண்டுபோனார். அடிக்கவில்லை. வைத்ததும் எடுத்ததும் தெரியாமல் வைத்து எடுத்தார். அவர் கண் கையில் இல்லை, அவள் முகத்தில் இருந்தது.

வியாழக்கிழமை காலையில் ஆபரேஷன் நடந்தது. அன்றைக்கு முழுக்க அமலராணிக்கு வலி இல்லை. கால் என் கால் மாதிரியே இல்லை, எவளோ கழட்டி வச்சிட்டுப் போன கால் மாதிரி இருக்கு என்று சொல்லிச் சிரித்தாள். வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் ரொனால்டு பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தான்.

"தவக்காலம்டா. வெள்ளிக்கிழம வேற" என்றார் பாக்கியராஜ்.

"ஆஸ்பத்திரிக்கெல்லாம் அந்தக் கணக்குக் கெடையாது மச்சான். ஃபாதரையே கேட்டுட்டேன்."

"எந்த ஃபாதர்?"

"அவரு ஊருக்குப் போயிருக்காரு. வந்தா கேப்பேன்."

அமலராணி எப்போதும் இதற்கு ஏதாவது சொல்வாள். சொல்லவில்லை. துண்டின் நுனியை வாயில் வைத்திருந்தாள். நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது. நர்சு சர்புன்னிசா வந்து பத்துக்கு எத்தனை என்று கேட்டபோது துண்டை எடுத்துவிட்டு "ரெண்டு" என்றாள். நர்சு எழுதிக்கொண்டு போனதும் துண்டு மறுபடி வாய்க்குப் போயிற்று.

பக்கத்துக் கட்டிலில் இடுப்பு முறிந்து கிடந்த கிழவருக்குத் துணையாக அவர் மருமகள், கீரனூர்க்காரி, உட்கார்ந்திருந்தாள். எழுந்து பாக்கியராஜிடம் வந்தாள். "ஏனுங்க, அந்தம்மா பல்லக் கடிச்சுட்டுக் கெடக்குதுங்க. ரெண்டுங்குது. ரெண்டுக்கு இப்புடி வேக்குமாங்க? ஒரு ஊசி போடச் சொல்லுங்க. எங்க மாமனுக்குப் போட்டாங்க, தூங்குறாரு பாருங்க."

"வேணாம்" என்றாள் அமலராணி பல்லிடுக்கில். "ஒண்ணும் இல்ல. எனக்கு ஒண்ணும் இல்ல."

"ராணி, வலிக்குதுன்னா சொல்லிருவோம். டாக்டரம்மா சொல்லத்தான சொன்னாக."

"சத்தியம் பண்ணிருக்கீக."

"அக்கா, எத்தனைன்னு நெசமாச் சொல்லு" என்றான் ரொனால்டு.

"போடா. போயி பிரியாணி தின்னு."

பாக்கியராஜ் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கண்ணோரம் நீர் இறங்கி காதுக்குள் போனது. துடைக்கவேண்டும். துடைக்கக் கை வரவில்லை. அன்றைக்கும் இப்படித்தான் கிடந்தாள். அன்றைக்கு அவர் ஓடினார், கெஞ்சினார், நல்லது செய்வதாக நினைத்தார். இன்றைக்கு ஓடாமல் நிற்பதுதான் நல்லதா? இதுவும் ஒரு ஒத்தடமாகப் போய்விடுமோ? அவள் கறுத்த விரல்கள் போர்வையைப் பிடித்துப் பிடித்து விட்டன.

அவர் திரும்பி நடந்தார். "ஏங்க" என்று பின்னால் அவள் கூப்பிட்டது கேட்டது. நிற்கவில்லை. நர்சுகள் உட்காருமிடத்தில் சர்புன்னிசா எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், அவ பொய் சொல்றா."

"யாருங்க?"

"எம் பொண்டாட்டி. ரெண்டு இல்ல. அவளுக்கு ரொம்ப வலிக்குது. ஊசிக்குப் பயந்துக்கிட்டு மறைக்கிறா. ஊசி போடுங்கன்னு நான் கேக்கல. டாக்டரம்மாவ வரச் சொல்லுங்க. வந்து பாக்கச் சொல்லுங்க."

சொல்லி முடித்ததும் அழுதுவிட்டார். சர்புன்னிசா போனை எடுத்துக்கொண்டே அவருக்கு ஸ்டூலை நகர்த்தினார்.

டாக்டர் ஃபர்ஹீன் வந்து போர்வையை விலக்கித் தொடைக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். ஈரம். கட்டைப் பிரித்தார். குழாய் நழுவி வெளியே வந்திருந்தது.

"மருந்து காலுக்குப் போகலம்மா. மெத்தைக்குப் போயிட்டிருக்கு. எப்பருந்து வலி?"

அமலராணி துண்டை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனாள்.

"காலையிலருந்தே பேசல டாக்டர்" என்றாள் கீரனூர்க்காரி.

"எத்தனைம்மா? நெசமா."

"எட்டு" என்றாள். பிறகு, "ஒம்பது."

"வலியத் தாங்கிக்கிட்டுக் கெடந்தாலும் நரம்பு கெடும்மா. ஊசிக்குப் பயப்படுங்க, என்கிட்ட மறைக்காதீங்க." டாக்டர் குரலில் முதல்தடவையாகக் கண்டிப்பு இருந்தது. சின்னத் திரை வைத்த மிஷினைத் தள்ளிக்கொண்டுவரச் சொல்லி, அதில் நரம்பைப் பார்த்துப் புதிதாகக் குழாய் வைத்தார். அது வேலை செய்யத் தொடங்கும்வரை தாங்குவதற்கென்று பழைய வகை மருந்தில் ஒரு சின்ன அளவை எடுத்தார். அமலராணி சிரிஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் இங்கயே நிக்கிறேன்" என்றார் டாக்டர். நின்றார்.

முகம் தளர்ந்தபிறகு அமலராணி புருஷனைப் பார்த்தாள். "கையில அடிச்ச சத்தியம்."

"ஆமா."

"ஒரு நா தாங்கல உங்களுக்கு."

"அன்னைக்குக் கேட்டுக் கேட்டு உன்னையக் கெடுத்தேன். இன்னைக்குக் கேக்காமக் கெடுத்துருவனோன்னு இருந்துச்சு. எனக்கு எது சரின்னு தெரியல ராணி."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கும் அடுத்தடுத்த நாட்களிலும் அவருடன் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் ரொனால்டிடம் கேட்டாள். அவன் இல்லாதபோது கீரனூர்க்காரியிடம் கேட்டாள். பாக்கியராஜ் அதற்குள் தம்ளரை நிரப்பி ஸ்டூலில் வைத்துவிடுவார். அவள் எடுத்துக் குடிப்பாள்.

அவர் காத்திருந்தார். மதுரையிலும் முதலில் நன்றாகத்தான் இருந்தாள், பிறகுதான் ஆரம்பித்தது. பிரஷர் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கும்போதெல்லாம் அவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். பேட்ச் போட்டிருந்த நாளில் அந்தப் பட்டைக்கு ஆஸ்பத்திரியே அதிரக் கத்தியிருக்கிறாள். இப்போது "இறுக்குது சிஸ்டர்" என்றாள், அவ்வளவுதான். டாக்டர் ஃபர்ஹீன் தினமும் ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து அவள் முழங்கை, தோள், கழுத்து, நல்ல கால் என்று வருடிப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

"பஞ்சு மாதிரி இருக்கு."

"எரியுதா?"

"எதுக்கு எரியணும், பஞ்சுதான?"

டாக்டர் சிரித்தார். அவர் போனபிறகு பஞ்சு குப்பைக்கூடையில் கிடந்தது. பாக்கியராஜுக்கு அதன்மேல் பொறாமையாக இருந்தது. யார் யாரோ அவளைத் தொட்டார்கள். பிசியோதெரபிப் பெண் வந்து காலைத் தூக்கச் சொல்லிப் பிடித்தாள். அமலராணி வலிக்கிறது என்று அவளை வைதாள். பாக்கியராஜ் எழுந்துவிட்டார். "எங்கம்மா வலிக்குது?" என்று அந்தப் பெண் கேட்டாள். "முட்டியிலதான். ஒடஞ்சது முட்டிதான? வேற எங்க வலிக்கும்?" பாக்கியராஜ் மறுபடி உட்கார்ந்தார். வைவதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரை கொஞ்சம்தான் கொடுத்தார்கள். பேட்ச் இல்லை. ஐஸ் வைக்கலாம், சூடு வேண்டாம் என்று டாக்டர் பாக்கியராஜிடம் தனியாகச் சொன்னார். "இனிமே வராதா டாக்டர்?" என்று கேட்டார் அவர். "வர்றதுக்கான அறிகுறி எதுவும் இல்ல. தோல்ல எரிச்சல்னு சொன்னா மட்டும் அன்னைக்கே கூட்டிட்டு வாங்க" என்றார். பாக்கியராஜ் இன்னும் எதையோ கேட்க நின்றார். கேட்கவில்லை. டாக்டர் சின்னப் பெண், கேட்கக் கூச்சமாக இருந்தது.

ரொனால்டு ஆம்னியை வாசலுக்குக் கொண்டுவந்தான். கால் மடங்கக்கூடாது. பின்சீட்டில் குறுக்கே நீட்டிவைக்க வேண்டும்.

"அக்கா எதுல சாஞ்சுக்கிரும்?" என்று யோசித்தான். "கதவுல சாயக்கூடாது, அந்தக் கதவு பொசுக்குன்னு தொறந்துக்கிரும். மச்சான், நீங்க மொதல்ல ஏறி ஒக்காருங்க. அக்கா உங்க மேல சாஞ்சுக்கிரட்டும்."

பாக்கியராஜ் அமலராணியைப் பார்த்தார். அவள் எங்கோ பார்த்தாள். அவர் ஏறிக் கதவோடு ஒடுங்கி உட்கார்ந்து, மடியில் ஒரு தலையணையை நிறுத்தி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவளை ஏற்றினார்கள். தலையணையில் சாய்ந்தாள்.

வத்தலக்குண்டு ரோட்டில் திரும்பியதும் ரொனால்டு பேச ஆரம்பித்தான். பூ விலை, பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்குப் பூ போகும், அதற்குள் அக்கா நடந்துவிடும் என்று. வெயில் வெளியே காட்டை வெளுத்துக்கொண்டிருந்தது. செம்பட்டிக்கு முன்னால் வேகத்தடை ஒன்றில் வண்டி எகிறியது. தலையணை ஒருபக்கம் சரிந்தது. அமலராணி முனகினாள்.

"எங்க?" என்றார் பாக்கியராஜ். "எங்க வலிக்குது?"

"இந்தத் தலவாணிய எடுங்க."

அவர் முகம் செத்துவிட்டது. "உறுத்துதா? எரியுதா ராணி?"

"எரியல. நடுவுல கெடந்து வழுக்குது. எடுங்கன்னா எடுங்க."

மூன்று நாளில் அவரிடம் பேசிய முதல் பேச்சு. தலையணையை உருவிக் கீழே போட்டார். அவள் முழுப் பாரமும் அவர் நெஞ்சில் வந்து இறங்கியது. தலைமுடியில் ஆஸ்பத்திரி லோஷன் வாடை. முதுகின் சூடு சட்டையைத் தாண்டி வந்தது. அவளுக்குப் பின்னங்கழுத்தில் நரை இவ்வளவு ஏறியிருப்பதை அவர் பார்த்ததில்லை. மூச்சு வேகமாக விட்டால்கூட அவளுக்குத் தெரியுமே என்று சின்னச் சின்னதாக விட்டார். இரண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒன்றை முன்சீட்டின் மேல்விளிம்பில் பிடித்தும் பிடிக்காமலும், மற்றதை அவள் தோளுக்கு மேலே அந்தரத்திலும் தூக்கிப் பிடித்திருந்தார்.

"மச்சான், என்னா மேல தூக்கிட்டு வாரீக, போலீஸ் புடிச்ச மாதிரி?" என்றான் ரொனால்டு கண்ணாடியில் பார்த்து.

"ரோட்டப் பாத்து ஓட்டு மாப்ள."

செம்பட்டி போயிற்று. அவள் இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"எம்புட்டு நேரமாக் கையத் தூக்கிக்கிட்டே வாரீக. வலிக்கல?"

"வலிக்குது" என்றார் பாக்கியராஜ்.